இடப்பக்கம்

தம்பி வேனைக் கிளப்புவதற்குள் அக்கா பின்வாசல் வழியாக வந்து முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“நீ எங்க வர? மாமாவோட மூக்குக்கண்ணாடியை எடுத்துட்டு உடனே வந்துடுவேன்.”

“அவர் விழுந்த இடத்தை நான் பாக்கணும்.”

“சாயங்காலம் அடக்கம். வீடு நிறைய ஆளு. உன்னைத் தேடுவாங்க.”

“தேடட்டும். வண்டியை எடுடா.”

சமையலறை ஜன்னலில் சித்தியின் தலை தெரிந்தது. “ஏய், புருஷனை நடுவீட்டுல போட்டுட்டு எங்கடி கிளம்பிட்ட?” அக்கா திரும்பிப் பார்க்காமல் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். அவள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் யாரோ மாதிரி இருக்கிறது.

தம்பியும் அக்காவின் கணவரும் ஒன்றாகத்தான் வேலை பார்த்தார்கள். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்களுக்கு அதன் பெயின்ட்டைத் தேய்த்துப் பாலிஷ் போட்டுக் கொடுக்கும் வேலை. “ஏரோப்ளேனுக்கு மொகம் கழுவி விடறேன்” என்பார் மாமா. ஒரு தடவையாவது அதில் பறந்திருக்கிறீர்களா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. “அது மேல போகும், நான் அது மேல கை வெப்பேன். அதோட சரி” என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

விமானத் திடலின் வேலி தெரிந்ததும் அக்கா கேட்டாள். “அவர் விழறப்ப நீ எங்கடா இருந்த?”

“பின்னாடி குழாய்ல துணி அலசிட்டு இருந்தேன். பாலிஷ் மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. சரி, வேலை பாக்கறார்னு நினைச்சேன்.”

“அப்புறம்?”

“சத்தம் ஒரே இடத்துலேர்ந்து வந்துச்சு. அவர் அப்படி ஒரே இடத்துல பிடிக்க மாட்டார், பெயின்ட் கருகிடும். என்னடான்னு வந்து பாத்தா, மெஷின் தரையில கவுந்து சுத்திக்கிட்டு இருக்கு. அவர் பக்கத்துல…”

“எவ்வளவு நேரமா அப்படிக் கிடந்தாராம்?”

அவன் கியரை மாற்றினான். 

வாசலில் செக்யூரிட்டி எழுந்து வந்து தொப்பியைக் கழற்றினார். அக்காவுக்கு ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தவர், வேனுக்குள் இன்னொரு முறை பார்த்தார்.

“நீங்க இப்பத்தான் வரீங்களா தம்பி?”

“ஆமாண்ணே. ஏன்?”

“இல்ல… காலைலேர்ந்து உள்ள மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாவம், இன்னிக்குமா வேலைக்கு வந்துட்டாரு தம்பின்னு நினைச்சேன். கொஞ்சம் முன்னாடிதான் நின்னுச்சு.”

“சாவி என்கிட்டதானே இருக்கு.”

“அதான்” என்றார் செக்யூரிட்டி. தொப்பியை மாட்ட மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

விமானம் நிற்கும் ஹேங்கரின் பூட்டு பூட்டியபடி இருந்தது. பெரிய கதவைத் தள்ளியதும் மெழுகு வாசனை முகத்தில் வந்து மோதியது. தகரக் கூரையின் சூட்டில் அது எப்போதும் அடிக்கும் வாசனைதான் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். மாமாவின் சட்டை ஆணியில் தொங்கியது. அதன் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அக்காவிடம் கொடுத்தான். அவள் அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே விமானத்தைப் பார்த்தாள். வெள்ளை உடம்பு, வயிற்றோடு ஓடும் நீலக்கோடு. பல் டாக்டர் ஒருவருடையது.

“இவ்வளவு சின்னதா? நான் என்னமோ பெருசா நினைச்சேன்.”

அவன் விமானத்தின் இடப்பக்கம் வந்து அப்படியே நின்றிருந்தான்.

நேற்று மாமா விமானத்தின் மூக்கிலிருந்து தொடங்கிக் கதவு வரைக்கும்தான் வந்திருந்தார். கதவிலிருந்து வால் வரை வெயிலில் வெளுத்த பழைய பெயின்ட், தொட்டால் விரலில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். ஆம்புலன்ஸ் வந்தபோது அந்த மங்கலில்தான் அவன் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கறுப்புச் சட்டை முதுகெல்லாம் வெள்ளை.

இப்போது வால் வரை கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் தலைகளைச் சுற்றிக்கூடப் பொடி இல்லை. கதவை ஒட்டி ஒரு பட்டை மட்டும், ஆள் சாய்ந்து நிற்கும் அகலத்துக்கு, மங்கலாகவே விடப்பட்டிருந்தது.

“அக்கா, இது நேத்து இப்படி இல்ல.”

“பதட்டத்துல நீ பாத்திருக்க மாட்ட.”

“என் சட்டையை நீதானே துவைக்கப் போட்ட?”

அக்கா அந்தப் பட்டையை விரலால் தொட்டாள்; சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது.

மெஷின் நேற்று அவன் வைத்த இடத்தில், வயர் சுற்றியபடியே இருந்தது. அவன் குனிந்து, தேய்க்கும் பேடைத் தொட்டான். சூடு. கூரைச் சூடாக இருக்கலாம். பக்கத்திலிருந்த டப்பாவைத் தொட்டுப் பார்த்தான். அது அவ்வளவு சூடாக இல்லை.

“இங்கதான் விழுந்தாரா?” அக்கா அந்த மங்கல் பட்டைக்கு எதிரே தரையைக் காட்டினாள்.

“ம்.”

“அதனாலதான் அவர் இந்த இடத்துக்கு மட்டும் வரலபோல” என்றாள், யாரைப் பற்றியோ பேசுவதுபோல. பிறகு, “நீ முடிச்சுடு” என்றாள்.

“இப்பவா? போலாம்கா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு.”

“எனக்கு மட்டும் எப்படி இருக்காம்? அரைகுறையா விட்டுட்டுப் போனா நான் வீட்டுல போய் அவர் மொகத்தைப் பாக்க வேணாமா? முடிச்சுடுடா.”

அவன் வயரைப் பிரித்துச் செருகினான். பேடில் பாலிஷ் காம்பவுண்டைத் தடவி, சுவிட்சை அழுத்துவதற்கு முன் ஒரு கணம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கூரைத் தகரம் எங்கோ ஒரு முறை சொடுக்கியது. மெஷின் ஓடத் தொடங்கியது. அக்கா கைவிளக்கைத் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் பெயின்ட்டின் மேல் மெஷினோடு கூடவே ஓடியது. குறுக்காக ஒரு தடவை, மேலிருந்து கீழாக ஒரு தடவை. மங்கல் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, உள்ளிருந்து வெள்ளை எழுந்து வந்தது. அவன் அழுத்தவேயில்லை. கனமான அந்த மெஷின் இன்று தானாக நகர்வதுபோல் இருந்தது. யாரோ அதன் இன்னொரு கைப்பிடியைப் பிடித்திருப்பதுபோலவும்.

நிறுத்திவிட்டுத் துண்டால் துடைத்தான். பட்டை இருந்த இடமே தெரியவில்லை. பெயின்ட்டில் அவன் முகமும், தோளுக்குப் பின்னால் விளக்கோடு அக்காவும், அவர்களுக்குப் பின்னால் திறந்த வாசல் கதவின் வெயிலும் தெரிந்தன.

மெஷின் நின்ற பிறகும் காதில் ஓடிக்கொண்டிருந்த அந்த ரீங்காரம் சட்டென்று அடங்கியது. அக்கா விளக்கைத் தாழ்த்தினாள். அவன் கையைப் பிடித்துத் தன் பக்கம் மெதுவாக இழுத்தாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுடா” என்றாள், கிட்டத்தட்ட காதுக்குள். “அவர் பாக்கட்டும்.”

இருவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். பளபளத்த இடப்பக்கத்தில் இப்போது வாசல் வெயில் மட்டும் இருந்தது, வால் வரைக்கும்.