அந்தம்மாவுக்கு எடுத்த துணி

கண்ணாடிக்குள் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள், அவள் பின்னால் ஒரு கிழவன் நிற்கிறான், இரண்டு பேர் காலடியிலும் பதினோரு மாடிக்கு வெறும் காற்று, சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் காலத்து ஜனங்கள் கண்ணாடியை வைக்கிறார்கள், வைத்துவிட்டு அதை மூடத் துணிக்கு அலைகிறார்கள், மூடுவதற்கு எதற்கடா இவ்வளவு பெரிதாகத் திறந்தீர்கள் என்று கேட்டால் வியூப்பா என்கிறான் என் மகன், அவன் விடியுமுன் போய் இருட்டியபின் வருகிறவன், வியூவைப் பார்ப்பது நானும் என் பெண்டாட்டி தனபாக்கியமும்தான், அவளுக்கு ஞாபகம் தப்பி இரண்டு வருஷமாகிறது, அந்தியில் விளக்கைப் போட்டதும் பால்கனிக் கதவுக் கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தையே யாரோ விருந்தாளி என்று நினைத்து, வாங்க, உக்காருங்க என்பாள், தன் இட்லியில் பாதியைப் பிட்டு அந்தம்மாவுக்கென்று தட்டோரம் ஒதுக்குவாள். என்னை அவளுக்குத் தெரியாது, நேருக்கு நேர் போய் நின்றால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள், கண்ணாடியில் பார்க்கும்போது மட்டும், பின்னால நிக்கிறது உங்க வூட்டுக்காரரா, நல்ல மனுஷனாத் தெரியுது என்று அந்தம்மாவிடம் சொல்லுவாள், நாற்பத்தெட்டு வருஷத்தில் என் முகத்துக்கு நேராக ஒருநாளும் சொல்லாத சொல்.

நான் லாரி ஓட்டினவன், இருட்டுகிற நேரத்தில் கேபின் விளக்கை எரியவிட மாட்டோம், எரிந்தால் ரோடு மறைந்து முன்கண்ணாடியில் நம் மூஞ்சிதான் தெரியும், கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நடை என்னோடு வந்தாள், தொப்பூர்க் கணவாயில் வண்டி இறங்குகிறது, அந்தி மயங்குகிறது, பூவைச் சரிசெய்ய விளக்கைப் போடுகிறாள், அணைடீ, ரோடு தெரியல என்று கத்துகிறேன், இருய்யா, ரெண்டு பேரும் எவ்வளோ நல்லாத் தெரியறோம் பாரு என்று சிரிக்கிறாள், அதே கண்ணாடிதான் இது, வண்டி மட்டும் நகரவில்லை. ஆக எனக்குத் தெரியும், ஹாலில் விளக்கை அணைத்தால் அந்தம்மா போய்விடுவாள், கை ஸ்விட்ச் வரை போகும், திரும்பி வந்துவிடும், இன்னும் கொஞ்ச நேரம் புருஷனாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றும்.

அப்படி விட்டதுதான் போன செவ்வாய்க்கிழமை வினையாகிவிட்டது, நான் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில், வெளியவே நிக்கிறாங்களே என்று கதவைத் தள்ளித் திறந்து அந்தம்மாவைக் கூப்பிடப் போய்விட்டாள், அப்போதுதான் வேலையிலிருந்து வந்த மருமகள் ஹேமா பார்க்கும்போது தனபாக்கியத்தின் ஒரு கால் பூந்தொட்டி மேல், வயிறு கம்பிமேல், எட்டிப் பிடித்து இழுத்துப்போட்டாள், பாத்துக்கறேன்னுதானே மாமா சொன்னீங்க என்றாள், ஸ்விட்ச் சங்கதியை விழுங்கிக்கொண்டு பூந்தொட்டியை நகர்த்தப் போனேன். கதவுக்கு மேல்பூட்டுப் போட்டோம், இப்போது அந்தம்மாவை உள்ளே விடச் சொல்லி நெற்றியால் கண்ணாடியை இடிக்கிறாள், நெற்றி புடைத்துவிட்டது.

திரைச்சீலைக்காரர் அஸ்கர் வந்தார், தலையணை மொத்தத்துக்குத் துணிப் புத்தகம், சுருட்டி ஏற்றுகிறது, பட்டை பட்டையாகத் திரும்புகிறது, மூங்கில் தட்டி என்று பிரித்துப் பிரித்துக் காட்டினார், இவ்வளவு சொல்லுகிறவனை நான் நம்புவதில்லை, வலை மாதிரி மெல்லிசு ஒன்று இருந்தது, இது போதும் என்றேன், ஐயா, வெளக்குப் போட்டா இதுல எல்லாம் தெரியும் என்றார், தெரியட்டுமே என்பது என் வாயில் பாதி வந்தது, ஹேமா என்னைப் பார்த்தாள், ஒரு பொட்டு வெளிச்சம் தாண்டாதது காட்டுங்கண்ணே என்றாள். அந்தக் கனத்த துணிகளைத் தனபாக்கியம் ஒவ்வொன்றாகத் தடவுகிறாள், யாருக்குப் பொடவை என்கிறாள், அஸ்கர் விளையாட்டுக்கு, நீங்களே சொல்லுங்கம்மா என்கிறார், மாம்பழக் கலரில் கைவைத்து, அந்தம்மா செவப்பு, இது எடுப்பா இருக்கும், பாவம், தினமும் ஒரே பொடவையில வருது என்கிறாள், கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்ததும் இதே கலர்தான், அவளுக்கு ஞாபகமில்லை, சரி, அதையே போடுங்க என்று எழுந்துவிட்டேன்.

இன்றைக்கு மாட்டியாயிற்று, கூரையிலிருந்து தரைவரை மஞ்சள், அந்தி, விளக்கைப் போட்டாள் ஹேமா, பிட்ட இட்லியோடு தனபாக்கியத்தின் கை அந்தரத்தில் நிற்கிறது, துணியைப் பார்த்தாள், மெதுவாகத் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள், போர்த்திக்கொள்ளவில்லை, பெரியவரே, அந்தம்மா போயிடுச்சு, நீங்க அவங்க வூட்டுக்காரர்தானே, கூடப் போகலயா, தனியாப் போவுது பாவம். ரெண்டு நாள்ல பழகிடும் மாமா என்கிறாள் ஹேமா. துணியை விலக்கி அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் நின்றேன், பின்னால் துணி விழுந்து மூடிக்கொண்டது, உள்ளே இருட்டு, கண்ணாடிக்குள் கிழவியும் இல்லை, கிழவனும் இல்லை, கீழே ரோடு மட்டும், அவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது, லாரிகள் போகின்றன. வெளியே வந்தேன், தேடிக் கூட்டிட்டு வரேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடக்கிறேன், பழகிடுமாம், எனக்கு நம்பிக்கை இல்லை.