தனத்தின் கிரைண்டர்

தனத்தை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. பரமண்டல ஜெபத்தில் மற்றவர்களை மன்னிக்கும் வரி வந்தால் அந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

பம்மலில் எனக்கும் அவளுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் நான் ஜாக்கெட் தைக்கிறேன். அந்தப் பக்கம் அவள் ஓட்டல்களுக்கு மாவு ஆட்டிக் கொடுக்கிறாள். தொண்ணூற்று மூன்றில் பெரிய கிரைண்டர் ஒன்றை வாங்கி, என் தலைமாட்டுச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். விடிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கினால் ஆறு வரைக்கும் ஓடும். கட்டிலே அதிரும்.

எனக்குச் சர்க்கரை வியாதி. தூங்கி எழுந்த நாளில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்வேன். தூங்காத நாளில் பதினோரு மணிக்கே கண் சொருகும், கை ஓயும். டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் ஒரு கிரீம் பன்னும் உள்ளே போனால்தான் ஊசியில் நூல் கோக்க முடியும். மூன்று மணிக்கு மறுபடியும் ஒரு பன். தப்பு என்று தெரிந்தே தின்றேன்.

தையல் மெஷின் பெடல் உரசி வலது கால் கட்டைவிரலில் புண் வந்தது. ஆறவே இல்லை. குரோம்பேட்டை டாக்டர் ஸ்ரீநிவாசன் ரிசல்ட்டைப் பார்த்தார். முந்நூற்று இருபது.

“ராத்திரி தூங்கறீங்களா? தூக்கம் கெட்டா உடம்பு ஸ்வீட்டும் சோறும்தான் கேக்கும். அப்புறம் சுகர் எப்படி இறங்கும்? ஒரு மாசம் டைம். இறங்கலைன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்.”

விரல் போனால் பெடலை மிதிப்பது எப்படி? அன்றைக்கே தனத்திடம் போனேன்.

“கிரைண்டரைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கயேன், தனம். என் கால் போயிடும்போல இருக்கு.”

“அந்தாண்ட பிளக்கு இல்லக்கா. காதுல பஞ்சு வச்சிக்கினு படு. அப்டியே வாயிலயும் கொஞ்சம் வச்சிக்கோ, பன்னு துன்றது நிக்கும்.”

மாவு வாங்க வந்திருந்த நாலு பெண்கள் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். யாரிடம் விளையாடுகிறாய், இரு உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று கறுவினேன். வீட்டு இணைப்பில் வியாபாரத்துக்கு மோட்டார் ஓட்டுகிறாள் என்று ஈபி ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன்.

பத்தாம் நாள் வந்தார்கள். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தனம் தெருவில் நின்று அழுததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. சாயங்காலம் அவள் வீட்டில் சிம்னி விளக்கு எரிந்ததைப் பார்த்து இன்னும் குளிர்ந்தது.

அதற்குப் பிறகு தூங்கினேனே, அது தூக்கம். ஆட்டுக்கல்லில் அவள் கையால் ஆட்டும் சத்தம் லேசாகக் கேட்கும். அது எனக்குத் தாலாட்டு. பதினோரு மணிக்கு டீக்கடை ஞாபகமே வரவில்லை. இருபதே நாளில் சர்க்கரை நூற்று அறுபதுக்கு வந்தது, புண் காய்ந்தது.

“விரல் தப்பிச்சது,” என்றார் டாக்டர்.

இரண்டு மாதம் கழித்து அதே கிளினிக் பெஞ்சில் தனம் உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதி, கண் குழி விழுந்து, கையில் ஒரு பொட்டலம் அல்வா. அவளுக்கும் சர்க்கரை என்று எனக்கு அதுவரை தெரியாது.

“எனக்கு நானூறுக்கா. பசி அடங்கவே மாட்டேங்குது. ஆட்டி முடிச்சா கை காலு வெலவெலங்குது, எதுனா இனிப்பா துன்னாத்தான் நிக்க முடியுது.”

“ராத்திரி தூங்கறியா?” என்று கேட்டேன்.

“எங்கக்கா? மிஷினு கீறப்போ, அத்தப் போட்டுட்டு அது பக்கத்துலயே படுத்துப்பேன். அது ஓடற நேரந்தான் என் தூக்கம். இப்போ அதுவும் போச்சு.”

அவள் என் காலைப் பார்த்தாள்.

“உனக்கு எப்டிக்கா கொறைஞ்சுது? சொல்லேன், நானும் செய்யறேன்.”

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “பாவக்கா ஜூஸ்,” என்றேன். “விடியக்காலம், வெறும் வயித்துல.” நம்பிவிட்டாள். பாவி நான்.

மறுநாள் இருட்டு பிரியவில்லை, கதவு தட்டும் சத்தம். நாலு மணி. தனம் இரண்டு டம்ளரோடு நின்றாள்.

“உனக்கும் சேத்து அரைச்சேன்க்கா. குடி.”

அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் குடித்தேன். கசப்பு தாங்கவில்லை.

“நேத்து கிளினிக்குலேர்ந்து அப்டியே திரும்ப லைன் கேட்டு ஈபி ஆபீஸ் போனேன்,” என்றாள். “அந்தக் கடுதாசியக் காட்டுனாங்க. அளவு நோட்டுலேர்ந்து கிழிச்ச பேப்பரு. பின்னால என் ஜாக்கெட் அளவு கீதுக்கா.”

காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நாளைக்கும் நாலு மணிக்கு வரேன். தெனமும் வரேன்.”