பெயருக்குக் கீழே ஒரு வரி

என் தம்பி கண்டுபிடித்த சிறுகோள் பத்து வருடமாக வெறும் எண்ணோடுதான் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தவர் பெயர் சொல்ல அவ்வளவுதான் கெடு. துரைக்கு அதுவரை எந்தப் பெயரும் வைக்க மனசு வரவில்லையாம். கெடு முடிய இரண்டே நாள் இருக்கும்போது மடிக்கணினியோடு வந்து நின்றான்.

"அக்கா, உன் பேரத்தான் வைக்கச் சொல்லப் போறேன்."

அடேயப்பா! எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல், "கல்லுக்கு என் பேரா? பொருத்தம்தான்" என்றேன்.

பெயர் மட்டும் போதாதாம். அது யார் என்று ஒரு வரியும் சேர்த்து, பெயர்களை முடிவு செய்யும் குழுவுக்கு அனுப்ப வேண்டுமாம். பெயர் இருக்கும்வரை அந்த வரியும் இருக்குமாம். வாசித்தான்: "கண்டுபிடித்தவரின் அக்கா. அவரைப் படிக்க வைத்தவர்."

எனக்குச் சுருக்கென்றது. "அவ்வளவுதானா நான்?"

"உண்மைதானேக்கா?"

"உண்மைதான்டா. பதினெட்டு வருஷமா பஸ் ஓட்டுறேன். ஒருநாளாவது என் பஸ்ல ஏறியிருக்கியா? வானத்துல இருக்கிற கல்லெல்லாம் கண்ணுக்குத் தெரியுது, அக்காவத் தெரியல! இந்த வரியோட என் பேர் போகக் கூடாது, சொல்லிட்டேன்."

அவன் முகம் தொங்கிப்போனது. கெடு முடிந்துவிடுமே என்று எனக்கும் கவலைதான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலை டிப்போவிலேயே ஏறி, எனக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தான். நான் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன். கோபமென்றால் கோபம்தான். நடைக்கு நடை கூடவே வந்தான். குறுகலான பாலத்துக்கடியில் வண்டியை நுழைத்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

மருத்துவமனை நிறுத்தத்தில் கதவை மூடி வண்டியை நகர்த்திவிட்டேன். பக்கக் கண்ணாடியில் ஒரு பெண் எக்ஸ்ரே கவரோடு ஓடி வருவது தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன்.

"எல்லாருக்கும் நின்னா எப்பம்மா போய்ச் சேர்றது?" என்றார் ஒருவர்.

"நேத்து நீங்க ஓடி வந்தப்பவும் இதத்தான் சார் கேட்டாங்க."

வண்டியே சிரித்தது. தம்பி மட்டும் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் எழுதியதை நீட்டினான்.

"நகரப் பேருந்து ஓட்டுநர். யாராவது ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தால் நிற்பவர்."

கண் நிறைந்துவிட்டது. "அக்கான்னு போடலையாடா?"

"நீதானே வேணாம்னே?"

"மடையா! அதையும் போடு. கடைசியில போடு."

திரும்பும் நடைக்கு நேரமாகிவிட்டது. ஏறியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவன் தட்டச்சு செய்து அனுப்பி முடிக்கும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை.