இடுப்பில் செருகிய பை

எங்கள் கடையில் கேமராவுக்கு இருக்கிற மரியாதை மனுஷிக்குக் கிடையாது. டெல்லி ஆர்.கே.புரத்தில் மளிகையும் சோப்பும் விற்கிற பெரிய கடை. நான் அங்கே பில் போடுகிறவள், பெயர் அம்பிகா. யாராவது சாமானை ஒளிப்பதாக ஒரு கேமரா முடிவு செய்தால் போதும், அந்த முகம் மற்ற கிளைகளுக்கும் பக்கத்து அடுக்குமாடிகளின் வாசலுக்கும் போய்விடும். இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள், பாழாய்ப்போனவர்கள்.

வடிவு அக்கா எங்கள் குடிசைப் பகுதிக்காரி, சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். எதிர் அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்தாள். அந்தச் சம்பளத்தில்தான் அவள் புருஷன் காத்தவராயனுக்கு இழுப்பு மருந்து வாங்க வேண்டும். மருந்து தவறினால் மனுஷன் மூச்சுக்குத் தவித்துப்போவார்.

வெள்ளிக்கிழமை மலை மந்திர் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு சோப்பு வாங்க வந்தாள். அலமாரி முன்னால் நின்று இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். காசைப் பார்த்தாள். கட்டுப்படியாகாது போல, பையைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். நம் பெண்கள் காலம்காலமாகச் செய்வதுதான். மேலே தொங்கிய கேமராவுக்கு அது திருட்டு.

வாசலில் மணி அலறியது. கடை செக்யூரிட்டி குறுக்கே நின்று, “ஹாத் ஊபர்!” என்று அதட்டினான். அக்கா இரண்டு கையையும் தூக்கினாள்.

“நான் இன்னாடி எடுத்தேன், அம்பிகா?”

பில் போடுவதை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மானேஜர் நிகில் திரையைக் காட்டினார். இடுப்புக்குள் ஒரு கை போவது மட்டும்தான் தெரிந்தது.

“சார், அது அவங்க பர்ஸ்! எங்க ஊர்ப் பொம்பளைங்க அங்கதான் வெச்சுப்பாங்க!” என்று இந்தியில் கத்தினேன்.

அத்தனை பேர் பார்க்க அக்கா பையைக் கவிழ்த்தாள். சில்லறை, கோயில் விபூதிப் பொட்டலம், ஒரு பாக்குத் துண்டு. நிகிலுக்கு முகம் சுண்டிப்போனது. “சாரி ஆன்ட்டி” என்று பதிவை அழித்தார். எங்கள் கடையில் இருந்ததை மட்டும்.

மறுநாள் காலை அடுக்குமாடி வாசலில் அக்காவை உள்ளே விடவில்லை. காவலாளியின் போனில் அவள் முகம், சுற்றிலும் சிவப்புக் கட்டம். நான் ஓடிப்போய் நிகிலைப் போனில் பேசவைத்தேன். காவலாளி நல்ல மனுஷன்தான், கேட்டுத் தலையாட்டினான்.

“சரி பெஹன்ஜி, தப்பு இவங்க மேல இல்ல. ஆனா படம் நேத்தே மேடம்களோட குரூப்புக்குப் போயிடுச்சு. எல்லா வீட்டுலயும் வேற ஆள் வெச்சுட்டாங்க.”

அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். ஒருத்திகூட எடுக்கவில்லை. அக்கா அழக்கூட இல்லை.

திரும்பும் வழியில் மருந்துக்கடை. அக்கா படிக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே கூரையில் கேமரா இருந்தது.

“நீ போய் வாங்கிட்டு வாடி. எனக்கு இடுப்புல கை வைக்கவே பயமா கீது.” சுருக்குப்பையை என் கையில் திணித்தாள்.

பையில் இருந்தது மருந்துக்குக் காணாது. மிச்சத்தை நான் போட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே போனேன். காசை எடுக்கும்போதுதான் கவனித்தேன். நேற்று அத்தனை கத்து கத்திய நான், பையைத் தலைக்கு மேலே தூக்கி, கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.