ஆறாத எஞ்சின்

மார்லிஸ் நைகார்ட் இறந்துபோன பிறகும் அவளுடைய காரின் எஞ்சின் ஆறவில்லை. விபத்து நடந்தது 2009 அக்டோபர் எட்டாம் தேதி, வியாழக்கிழமை, மாலை நாலே காலுக்கு. ஹாவ்டன் ஊருக்கு மேற்கே இரண்டு மண்சாலைகள் குறுக்கிடும் இடத்தில், சர்க்கரைப் பீட்ரூட் ஏற்றி வந்த லாரி அவள் காரின் பின்பாதியில் இடித்தது. பின் இருக்கை முன் இருக்கைக்கு வந்துவிட்டது. பானெட்டில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. நொறுங்கிய வண்டிகளை வாங்கிப் போடும் யார்டுக்காரர் மூன்றாம் நாள் அதைத் திறந்தார், உள்ளே கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்தார். இரண்டு வாரம் கழித்து வந்த இன்ஷூரன்ஸ் ஆள், படிவத்தில் ‘குறிப்பு’ என்ற கட்டத்துக்குள் ‘எஞ்சின் சூடாக உள்ளது’ என்று எழுதிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான். நவம்பரில் அளந்தபோதும் ஜனவரியில் அளந்தபோதும் சூடு ஃபாரன்ஹீட் நூற்றுத் தொண்ணூறு. தண்ணீர் கொதிக்கச் சற்றுக் குறைவு. அரைமணி நேரம் ஓடி வந்து நிற்கும் எஞ்சினுக்கு இருக்க வேண்டிய சரியான சூடு அது.

அவள் கணவன் ஆரினுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. தானியக் குதிர்கள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டர், ஆறடி இரண்டு அங்குலம். அடக்கத்தின்போது அவன் அழவில்லை. லூதரன் சர்ச் பெண்கள் அடுப்பில் வாட்டிய உருளைக்கிழங்கும் கறியும் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள், அவன் எல்லாவற்றையும் சாப்பிட்டான். ஒருத்தி உப்புப் போட மறந்துவிட்டதாக மூன்று நாள் கழித்து ஓடி வந்து மன்னிப்புக் கேட்டபோது, “மோசமில்லையே, நல்லாத்தான் இருந்துது” என்றான். உண்மையில் அவனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை. நவம்பர் கடைசியில் யார்டுக்குப் போய் உடைந்த காரைத் திரும்ப வாங்கி வந்து வீட்டை ஒட்டிய கராஜில் நிறுத்தினான். எதற்கு என்று யார்டுக்காரர் கேட்டார். “வெளியில குளிருல நிக்குது” என்று மட்டும் சொன்னான்.

அந்தக் குளிர்காலம் சைபருக்குக் கீழே முப்பது வரை போனது. நைகார்ட் கராஜின் கூரையில் மட்டும் பனி தங்கவில்லை. ஆறு தெருப் பூனைகள் அங்கே குடிவந்தன. பிசைந்த ரொட்டி மாவு உப்புவதற்கு அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை என்று கண்டுபிடித்த பெண்கள், சனிக்கிழமைகளில் துணி போர்த்திய பாத்திரங்களை எஞ்சினைச் சுற்றி வைத்துவிட்டுப் போனார்கள். பாதிரியார் வந்து பார்த்தார். சர்ச்சின் கொதிகலன் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை என்றார்.

மார்லிஸ் கிராமத்துப் பாதைகளில் தபால் பட்டுவாடா செய்தவள். நாளொன்றுக்கு எண்பது மைல், அதில் பெரும்பகுதியைப் பறந்தே கடப்பாள். சாலைச் சந்திப்புகளில் ‘நின்று போ’ என்னும் நிறுத்தப் பலகைகளை அவள் ஓர் ஆலோசனையாக மட்டுமே எடுத்துக்கொண்டாள் என்பது மாவட்டம் முழுவதும் தெரிந்த விஷயம். இறந்த ஆண்டின் வசந்தத்தில் கராஜ் தரையில் முழு அளவில் ஒரு காரைச் சாக்பீஸால் வரைந்திருந்தாள். பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கான தாழ்ந்த கார். இரண்டு இருக்கைகள், அவற்றுக்குப் பின்னால் எஞ்சின், அதற்கும் பின்னால் பின்சக்கரங்கள்.

“என் தபால் வண்டி செத்ததும் அதோட எஞ்சினைக் கழட்டி இங்க வெச்சிடலாம்” என்று அன்றைக்குச் சொன்னாள். “நம்ம முதுகுக்குப் பின்னால.”

“இருக்கிற இடத்துலயே இருந்தா அதுக்கு என்ன கேடு?”

“முன்னால இருந்தா நாம எடையைத் துரத்திக்கிட்டே போகணும், ஆரின். நடுவுல இருந்தா வண்டி நெனச்ச பக்கம் திரும்பும். நீ ஒரு தடவையாவது நெனச்ச பக்கம் திரும்பியிருக்கியா?”

சாக்பீஸ் கோடுகள் அழியவில்லை. பெருக்கினாலும் போகவில்லை, பூனைகள் புரண்டாலும் போகவில்லை. 2010 மார்ச்சில் ஒருநாள் ஆரின் ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாயை அறுத்து முதல் கோட்டின்மேல் வைத்தான். துக்கத்தை மறக்கவோ அவள் ஆசையை நிறைவேற்றவோ அவன் அதைச் செய்ததாக ஊரில் சொல்வார்கள். அவனுக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. வேலையிலிருந்து வந்து படுக்கப் போகும்வரை ஐந்து மணி நேரம் இருந்தது. தரையில் கோடுகள் இருந்தன.

சட்டகத்துக்கு ஒன்றரை வருடம் ஆனது. நொறுங்கிய தபால் வண்டியை அறுத்து, எஞ்சினையும் கியர்பெட்டியையும் முன்சக்கரங்களைச் சுழற்றிய தண்டுகளையும் ஒரே கட்டாகத் தூக்கி, இருக்கைகளுக்குப் பின்னால் இறக்கினான். இறக்கும்போது இரண்டு ஜோடித் தோல் கையுறை பொசுங்கியது. பழைய எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றினால் பத்து நிமிடத்தில் அதுவும் நூற்றுத் தொண்ணூறுக்கு வந்து நின்றது.

இரண்டாம் குளிர்காலத்தின் பிப்ரவரியில் வெர்லின் ஸ்டோல்ட்ஸ் கதவைத் தட்டினான். லாரியை ஓட்டி வந்தவன் அவன்தான். அவன்மேல் தவறில்லை, மார்லிஸ் நிறுத்தப் பலகையில் நிற்கவில்லை என்று ஷெரிஃப் இரண்டு வரியில் எழுதி முடித்திருந்தார். ஆனாலும் வெர்லின் லாரியை விற்றுவிட்டான். அதன்பின் எந்த வண்டியையும் தொடவில்லை. கோடையில் சைக்கிள், குளிரில் நடை. குள்ளமான, வாயோயாத ஆள். அன்று மட்டும் வாசலில் புருவமெல்லாம் உறைபனியோடு பேசாமல் நின்றான்.

“குளிருது, ஆரின். உள்ள வரலாமா?”

“கதவைச் சாத்திட்டு வா.”

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். நான்காம் நாள், “அந்தக் குழாயைப் பிடி” என்றான் ஆரின். அவனைப் பார்த்தால் கோபம் வர வேண்டும் என்று ஆரினுக்குத் தெரியும். காத்துப் பார்த்தான், வரவில்லை. ஒரு ஆள் பிடிக்க இன்னொரு ஆள் வெல்டிங் செய்தால் வேலை சீக்கிரம் முடிந்தது. இதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று ஊர் ஒரு மாதம் யோசித்து, பேசுவதில்லை என்று முடிவு செய்தது. வெர்லினுக்கு வாய் திரும்ப வந்தது. வெல்டிங் கற்றுக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தான்.

“இது என்னது, வெல்டிங்கா? காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கு.”

“பிடிச்சு நிக்குதா இல்லையா, அதைச் சொல்லு.”

“காக்கா எச்சமும்தான் பிடிச்சு நிக்கும்.”

மார்லிஸின் தங்கை லவான் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வருவாள். வெர்லின் உள்ளே இருந்தால் அவன் போகும்வரை தெருவில் காரிலேயே உட்கார்ந்திருப்பாள். பிறகு வந்து, மடித்த துணியை எஞ்சின்மேல் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள்.

“நீ என்ன வேணா கட்டிக்க, ஆரின்” என்று ஒருமுறை சொன்னாள். “ஸ்டார்ட் மட்டும் பண்ணாத.”

“ஸ்டார்ட் பண்ணாம எதுக்கு லவான் ஒரு கார்?”

“இந்தச் சூடு அவ ஏத்தின சூடு. நீ ஸ்டார்ட் பண்ணி, அப்புறம் அணைச்சு, அது ஆறிப்போச்சுன்னா? அப்ப நான் எங்க போய்க் கைய வைக்கிறது?”

ஆரின் வேலையைத் தொடர்ந்தான். கியர் கேபிள்களை நீட்டினான். முன்மூக்கில் ரேடியேட்டரை வைத்து இரண்டு நீண்ட குழாய்களால் எஞ்சினோடு இணைத்தான். நூல் கட்டிச் சக்கரங்களை நேர் பார்த்தான். ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு எடைமேடை வைத்து நிறுத்தபோது நூற்றுக்கு ஐம்பத்தேழு பங்கு எடை பின்னால் விழுந்தது. மார்லிஸ் தரையில் எழுதியிருந்ததும் ஐம்பத்தேழுதான்.

2014 மே மாதம் கார் முடிந்தது. ஆரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தான். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. பெடல்கள் ஐந்தடி மூன்றங்குல உயரக்காரிக்கு அளந்து வைத்தவை. நான்கு வருடமாக அவன் கோட்டின்மேல் கோடாக வைத்துக்கொண்டே போயிருந்தான், யாருடைய கால் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் மாறி உட்கார்ந்தான். அது அவன் காலுக்கு அளந்திருந்தது.

“பெடலைத் தள்ளி வெச்சிடலாம், ரெண்டு மணி நேர வேலை” என்றான் வெர்லின்.

“வேண்டாம். நீ உக்காந்து ஸ்டீயரிங் திரும்புதான்னு பாரு.”

வெர்லின் உட்கார்ந்தான். அவனுக்கு அது தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். வெர்லின் இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் இரண்டு வாரம் வரவில்லை.

கார் ஓராண்டு ஸ்டார்ட் செய்யப்படாமல் நின்றது. 2015 ஏப்ரலில் வெப்பமானி நூற்று எண்பத்தொன்பது காட்டியது. மே மாதம் எண்பத்தெட்டு. ஜூலையில் எண்பத்து நாலு. ஆரின் புது வெப்பமானி வாங்கினான், அதுவும் எண்பத்து நாலுதான் காட்டியது. லவானிடம் சொன்னான். அவள் துணியை எடுத்து உதறி, நான்காக மடித்து, திரும்பப் பிரித்தாள்.

“எப்படியும் போகப்போகுது” என்றாள்.

“அப்படித்தான் தெரியுது.”

“அப்ப ஓட்டிடு. அவன்தானே ஓட்டப்போறான்?”

“அவனுக்குத்தான் கால் எட்டுது.”

“எனக்கும் எட்டும்” என்றாள் லவான். துணியை மறுபடி மடித்து, “ஆனா எனக்குத் தைரியம் பத்தாது” என்றாள்.

கிழக்கே மூன்று மணி நேரத்தில், ஏரிகளுக்கு நடுவே ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று அறிவித்திருந்தார்கள். கயிறு கட்டி டிரெய்லரில் ஏற்றிய காரை இழுத்துக்கொண்டு ஆரினின் பிக்அப் வண்டி போனது. முன்னிருக்கையில் மூன்று பேர். நடுவில் லவான், ஜன்னலோரம் வெர்லின். இரண்டு மணி நேரம் ஓடியது. பிறகு லவான் மடியிலிருந்த பையைத் திறந்து, சாலையைப் பார்த்தபடியே, “ஹாம் சாண்ட்விச் இருக்கு. வேணும்னா எடுத்துக்க” என்றாள். வெர்லின் எடுத்துக்கொண்டான்.

வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், எஞ்சின்மேல் கையைக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். “இப்பத்தானே டிரெய்லர்ல இருந்து இறக்கினீங்க?” ஆமாம் என்றான் ஆரின். அவர் எழுதிக்கொண்டு அனுமதி ஒட்டுத்தாளை ஒட்டினார். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பெண் வகுப்பெடுத்தாள். “எஞ்சின் உங்களுக்குப் பின்னால இருந்தா ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. வளைவுக்கு நடுவுல பயந்து ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலைத் தூக்காதீங்க. தூக்கினா வண்டியோட வால் முன்னாடி வந்துடும்.”

ஆரின் பக்கத்து இருக்கையில் உட்கார, வெர்லின் சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததைப் போல. வெர்லின் ஐந்து வருடம் பத்து மாதமாக எதையும் ஓட்டியிருக்கவில்லை. முதல் இரண்டு சுற்றுகள் பாலத்தில் குழந்தை நடப்பதுபோலப் போனான். மூன்றாவதில் அவன் தோள் இறங்கியது. நான்காவதில் நேர்பாதையில் நூற்றுப் பதினைந்து மைலைத் தொட்டான். எஞ்சின் ஆரினின் முதுகுக்குப் பின்னால் கத்தியது. அவனுக்கு அது பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. மூன்றாம் வளைவின் நடுவில், வெளிப்புறச் சுவர் நெருங்கி வந்தபோது, வெர்லின் காலைத் தூக்கினான். வண்டி இரண்டரைச் சுற்றுச் சுற்றிப் புல்வெளிக்குப் போய், வந்த திசையைப் பார்த்து நின்றது. எஞ்சின் அணைந்தது.

“காலைத் தூக்கிட்டேன்” என்றான் வெர்லின்.

“தெரியும்.”

“அவளும் தூக்கினா.”

ஆரின் திரும்பினான். ஹெல்மெட்டுக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன.

“அன்னிக்கு அவ பாட்டுக்குப் போயிருந்தா முன்னாடியே தாண்டியிருப்பா, ஆரின். என்னைப் பாத்துட்டா. காலைத் தூக்கிட்டா. வண்டி மூக்கு குனிஞ்சுது, நான் பாத்தேன்.”

“இத்தனை வருஷம் ஏன் சொல்லல?”

“நீ கேக்கலையே.”

“கேட்டிருந்தா?”

“பொய் சொல்லியிருப்பேன்.”

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டிக், டிக் என்று இரும்பு சுருங்கும் சத்தம். அந்த எஞ்சினிலிருந்து அதுவரை வராத சத்தம். ஆரின் இறங்கிப் பின்மூடியைத் திறந்தான். வெப்பமானியின் முள் நூற்று எழுபதில் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தது. “மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமே” என்றான் வெர்லின். “வேண்டாம், விடு” என்றான் ஆரின். லவான் யாரையும் கேட்காமல் தடத்தைக் குறுக்கே கடந்து புல்வெளியில் நடந்து வந்தாள்.

வளைவில் கொடியோடு நின்ற பெண் ஓடி வந்து, வண்டியை இழுத்துப் போய்விடலாமா என்று கேட்டாள்.

“ஆறிக்கிட்டு இருக்கு” என்றான் ஆரின்.

அவள் எஞ்சினைப் பார்த்தாள், மூன்று பேரையும் பார்த்தாள், ரேடியோவில் ஏதோ சொன்னாள். சிவப்புக் கொடி ஏறியது. தடத்திலிருந்த பதினொரு கார்களும் மெதுவாகத் திரும்பி வந்து வரிசையில் நின்றன. ஓட்டியவர்கள் இறங்கி, யாரும் சொல்லாமலே ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. தொடக்கூடிய சூட்டுக்கு வந்ததும் லவான் வெறுங்கையை வைத்தாள். பிறகு ஆரின் வைத்தான். வெர்லின் தள்ளி நின்றான். “நீயும் வை” என்றாள் லவான். வெயில் ஃபாரன்ஹீட் எண்பத்தெட்டு டிகிரி அடித்துக்கொண்டிருந்தது. ஆரினின் தாடை கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது. குளிருகிறது என்றான். கொடிக்காரப் பெண் தன் மேல்சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள், அது அவன் தோளில் பாதிதான் எட்டியது.

தடத்தின் பதிவேட்டில் அன்றைய பக்கத்தில், மூன்றாம் வளைவு, ஓட்டம் ஒன்றே முக்கால் மணி நேரம் நிறுத்தப்பட்டது, காரணம் எஞ்சின் ஆறும்வரை, என்று இருக்கிறது. மூன்று இருபதுக்குப் பச்சைக் கொடி காட்டினார்கள்.