இரண்டாம் முறை காய்ச்சிய பால்

சிவரஞ்சனி சௌசௌவின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். பின்கட்டுப் பந்தலிலிருந்து அப்போதுதான் பறித்த காய். முறத்தில் போட்டு எடுத்து வந்தவர் வீட்டுக்காரம்மா அம்மணி. வந்தவர் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். ஏற்காட்டுக் குளிர் அவர் மூட்டுக்கு ஆகாது.

"ஏங்கண்ணு, நீங்க குடிவந்து மூணு வாரமாச்சு. உன்ற பொறந்தூட்டுக் குலம், கூட்டம் எதுன்னு இன்னும் சொல்லவே இல்லியே?"

கத்தி பாதியில் நின்றது.

"எங்கப்பாவைத்தானுங்க அத்தை கேக்கோணும். எனக்கு அதெல்லாம் அவ்வளவாத் தெரியாதுங்க."

"நல்லாருக்குது போ! பொறந்த கூட்டம் தெரியாத புள்ளைய இப்பத்தான் பாக்கறேன்." அம்மணி சிரித்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை கீழ நம்ம குலசாமி கோயில்ல பொங்கலு. பங்காளிங்க அத்தனை பேரும் வருவாங்க. நீங்க மூணு பேரும் நம்ம கார்லயே வந்துருங்க. ஜீவாவோட அப்பாரு பேரைச் சொன்னாப் போதும், எந்தூட்டு வழின்னு அங்க பெரியவங்க நிமிசத்துல சொல்லிப்போடுவாங்க."

அவர் எழுந்து போன பிறகும் சிவரஞ்சனியின் கையில் அந்தக் காய் அப்படியே இருந்தது.

கணவன் ஜீவாவுக்கு ஏற்காட்டில் ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. நான்கு மாதம் சேலத்திலிருந்து பஸ்ஸில் தினமும் ஏறி இறங்கினான். பிறகு ஐந்து வயது மகள் சக்தியை இங்கேயே பள்ளியில் சேர்த்து, வீடு தேடினார்கள். ஆறு வீடு பார்த்தார்கள். ஆறு வீட்டிலும் வாடகையைச் சொல்வதற்கு முன்பே, சிரித்த முகத்தோடு அதே கேள்வி வந்தது: "நீங்க எந்த ஆளுங்க?" பதிலைச் சொன்னதும் சிரிப்பு அப்படியே இருக்கும்; ஆனால் மகன் ஊரிலிருந்து வருகிறான், வீட்டை அவனுக்கே வைத்துக்கொள்கிறோம் என்பார்கள். ஆறு வீட்டுக்கும் ஆறு மகன்கள் வந்தார்கள்.

ஏழாவது வீடு அம்மணியுடையது. அங்கே ஜீவா பொய் சொன்னான். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரின் கூட்டப் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அதையே சொன்னான். அம்மணி இரண்டு கையையும் தட்டினார். "அட, நாங்களும் அதே கூட்டந்தான்! நீ எனக்கு மவன் மொறையாகோணும் சாமி!"

ஒரு பொய் சொல்லி வாடகைக்கு வீடு பிடித்தார்கள். கூடவே ஒரு சொந்தமும் வந்து ஒட்டிக்கொண்டது. பால் காய்ச்சிய அன்று அம்மணிதான் முன்னால் நின்று அடுப்பைப் பற்ற வைத்தார். சிவரஞ்சனியின் அப்பாவுக்கு அந்த நாளைச் சொல்லவே இல்லை. சொன்னால் வருவார். வந்தால் கேட்பார்கள். அவருக்குப் பொய் சொல்ல வராது.

போன் அடித்தது. அப்பாதான்.

"கண்ணு, ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்புல எறங்கி நிக்கறேன். ஊட்டுக்கு எப்படி வரோணும்?"

அவள் சக்திக்கு ஸ்வெட்டரை மாட்டி, கையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினாள்.

அப்பா சின்னையன் ஒரு டீக்கடை ஓரம் நின்றிருந்தார். சேலத்தில் லாரிப் பட்டறையில் பெயின்ட் அடிப்பவர். எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் நீலமோ சிவப்போ கொஞ்சம் இருக்கும். கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பாத்திரம்.

"பால் காய்ச்சற நாளைச் சொல்றேன்னியே. நீ வேலைல மறந்திருப்பே. அதான் நானே வந்துட்டேன்." செய்தித்தாளை விலக்கிக் காட்டினார். வெண்கலப் பானை. விளிம்பில் புள்ளி புள்ளியாய்ப் பேர் வெட்டியிருந்தது: மகள் சிவரஞ்சனிக்கு, சின்னையன்.

"ஊட்டுல பெயின்ட் அடிக்கறாங்கப்பா. ஒரே வாசம். உக்காரவே முடியாது."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

"பெயின்ட் வாசமா? எனக்கா கண்ணு ஆகாது?" அவர் சிரித்தார். "எனாமலா, எமல்சனா?"

அவள் குனிந்து சக்தியின் ஸ்வெட்டரைச் சரிசெய்தாள். சின்னையனின் சிரிப்பு மெல்ல வடிந்தது. டீயை இரண்டு வாய் குடித்தார். பானையை மறுபடி செய்தித்தாளில் சுற்றினார்.

"இதை மட்டும் வெச்சுக்க. நாலரை பஸ்ல நான் கெளம்பறேன். பனி எறங்கறதுக்குள்ள அடிவாரம் போயிரலாம்."

சக்தி பன்னைக் கடித்தபடி தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, பெயின்டெல்லாம் அடிக்கல. நீங்க ஊட்டுக்கு வந்தா நம்ம முனியப்பன் சாமி பேரைச் சொல்லிருவீங்க. அதான்."

"சக்தி!"

"நாங்க இப்ப வேற சாமி தாத்தா. அப்பா தெனமும் கேள்வி கேட்டுப் பழக்குனாங்க. நான் ஒரு தடவைகூடத் தப்பாச் சொல்லல. பள்ளிக்கூடத்துல மிஸ் கேட்டப்பக்கூட." பெருமையாக முகத்தை நிமிர்த்தினாள். "முனியப்பன்னு சொன்னா ஊரைக் கேப்பாங்க. ஊரைச் சொன்னாத் தெருவைக் கேப்பாங்க. ரெண்டும் கெட்ட வார்த்தை மாதிரி, வெளிய சொல்லக்கூடாது."

சின்னையன் குனிந்து பேத்தியின் வாயோரம் ஒட்டியிருந்த பன் துணுக்கைத் துடைத்துவிட்டார். "நொம்ப நல்லாச் சொல்றே சாமி" என்றார். மீதி டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிவரஞ்சனி அங்கேயே நின்று ஜீவாவை அழைத்தாள்.

"ஏனுங்க, அப்பா வந்திருக்காரு. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிரப் போறேன்."

"ஊடு போயிருமே ரஞ்சனி."

"போனாப் போவட்டுங்க. உங்க புள்ள என்ன சொன்னா தெரியுங்களா? நம்ம தெருப்பேரு கெட்ட வார்த்தையாமா."

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு ஜீவா கேட்டான்: "ஊட்டுல பால் இருக்குதா? நான் வாங்கிட்டு வரட்டுமா?"

அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது வாசல் கேட்டில் அம்மணி நின்றிருந்தார். "யாரு கண்ணு?"

"எங்கப்பாங்க."

"அட, வாங்க சம்பந்தி! கேட்டுக் கேட்டு என்ற வாயே வலிச்சுப் போச்சு. இப்பவாச்சும் சொல்லுங்க, நீங்க எந்தக் கூட்டமுங்க?"

சின்னையன் மகளைப் பார்த்தார். சிவரஞ்சனி முன்னால் வந்து நின்றாள்.

"அத்தை, நாங்க உங்க கூட்டமில்லீங்க. உங்க ஆளுங்களே இல்லீங்க. எங்கூரு ஏரிக்கு அந்தாண்ட காலனி. எங்கூட்டுக்காரரு சொன்னது பொய்யிங்க. தப்புத்தான், மன்னிச்சுருங்க."

அம்மணியின் கை கேட்டை விட்டது. அந்த அடுப்பங்கரையில் அவர் எத்தனை முறை உட்கார்ந்திருப்பார், எத்தனை டம்ளர் காப்பி குடித்திருப்பார்! அதெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது.

"இத்தனை நாளா என்ற கிட்டப் பொய்யா? மொதல்லயே சொல்லிருக்கலாமல்ல?"

"சொல்லிருந்தா ஊடு குடுத்திருப்பீங்களா அத்தை?"

அம்மணி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஊடு கேட்டு வர்றவங்களை வாடகை ஒழுங்காக் குடுப்பியான்னு கேளுங்க. ஊட்டைச் சுத்தமா வெச்சுக்குவியான்னு கேளுங்க. எந்த ஆளுங்கன்னு மட்டும் கேக்காதீங்க அத்தை. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நாங்க பொய் சொன்னோம். பெத்த அப்பனை டீக்கடையோட திருப்பியனுப்பப் பாத்தேன். அஞ்சு வயசுப் புள்ள தன்னைப் பத்தியே வெக்கப்படக் கத்துக்கிச்சு. கேட்டவங்களுக்கு அது ஒரு பேச்சு. பதில் சொல்றவங்களுக்கு அது உசுருங்க."

"ஏமாத்திப்போட்டியே கண்ணு" என்றார் அம்மணி. கோபத்திலும் அந்தக் 'கண்ணு' போகவில்லை. பிறகு அதே காம்பவுண்டில் எதிரே இருந்த தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜீவா இரண்டு பாக்கெட் பாலோடு வந்தான். மாமனாரைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்து, முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னையன் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்து, "மொதல்ல அடுப்பைப் பத்த வைங்க மாப்பிள்ளை" என்றார்.

வெண்கலப் பானையில் பால் பொங்கி வந்தது. சக்தி கையைக் கூப்பிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"எந்தச் சாமியைக் கும்பிடறதும்மா?"

"நம்ம சாமியை."

"சத்தமாச் சொல்லலாமா?"

"சொல்லு கண்ணு."

"முனியப்பா!" என்று குழந்தை கத்தியது. எதிரே அம்மணியின் வீடுவரை கேட்டிருக்கும்.

சிவரஞ்சனி ஐந்து டம்ளரில் பாலை ஊற்றினாள். ஐந்தாவதை எடுத்துப்போய், அம்மணி வழக்கமாக முறத்தை வைக்கும் மதில்மேல் வைத்துவிட்டு வந்தாள். எதிர்க்கதவு திறக்கிறதா என்று நின்று பார்க்கவில்லை. நாளைக்கே காலி செய்யச் சொல்லலாம்; ஏழுக்கு அடுத்தது எட்டாவது வீடு. வீடு இன்னொன்று கிடைக்கும். தான் யாரென்று வாய்விட்டுச் சொல்லும் தைரியம் சக்தியிடமிருந்து ஒருமுறை போய்விட்டால், அதை எந்த ஊரில் போய்த் தேடுவது?

உள்ளே சின்னையன் பேத்திக்குப் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் தெருப்பேரைக் கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.