சயாம் பதில் சொல்லவில்லை

எண்ணெய் விரலோடு ஒரு மனிதர் ஜப்பானை ஆளக்கூடாது. லோகேஸ்வரன் கெரோப்போக், அதுதான் அந்த மீன் அப்பளத்தைக் கடித்துவிட்டு அதே கையால் படைகளை நகர்த்துவார். தென்சீனக் கடல் முழுக்கப் பிசுபிசு என்று இருக்கும். சீ, பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். ஆனால் தை மாதம் என் கழுத்தில் தாலி கட்டப்போகிற விரல்களும் அவைதாம் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

புக்கிட் ரோத்தானில் அவருடைய நண்பர் ஜூலியஸ் வீட்டில்தான் ஆட்டம். ஞாயிறு பூசை முடிந்து சாப்பாடும் ஆனபின் மேசை முழுக்க உலக வரைபடத்தை விரிப்பார்கள். இரண்டாம் உலகப்போர். ஜூலியஸ் ஜெர்மனி, அவர் தம்பி மார்கஸ் ரஷ்யா, ஜூலியஸின் மனைவி கிளாரிஸ்ஸா பிரிட்டன், என் வருங்காலக் கணவர் ஜப்பான். நிச்சயதார்த்தம் முடிந்தபின் நானும் போய் உட்கார்ந்தேன். அதற்குள் பெரிய நாடெல்லாம் தீர்ந்துவிட்டது.

"புஷ்பாவுக்குச் சின்ன நாடுங்கள குடுத்துடுவோம் லா. சயாம், துருக்கி, ஸ்வீடன், எல்லாம் அவளுக்கே," என்றார் லோகேஸ், ஏதோ சீர்வரிசை தருகிறவர் மாதிரி.

சின்ன நாட்டுக்கு ஆட்டத்தில் என்ன வேலை தெரியுமா? ஒன்றுமில்லை. யாராவது வந்து மிதிக்கும்வரை சும்மா கிடக்க வேண்டும். அதுதான் வேலை. அச்சடித்த விதிப் புத்தகத்தில் அவற்றுக்கு இரண்டு வரிதான் இருந்தது. ஜூலியஸ் கொஞ்சம் நியாயஸ்தர். "இது சரியில்ல. நாமளே வீட்டு ரூல் போட்டுக்குவோம். புஷ்பா, நீயே எழுதேன்," என்றார்.

எழுதினேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. கோலா சிலாங்கூரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ் நான். அங்கே அரைகுறை வேலை பார்த்தால் ஆள் போய்விடும். வாரம் முழுக்க யோசித்து மூன்று விதி கொண்டுபோனேன். பெரிய நாடு தன் படையைச் சின்ன நாட்டு வழியாகக் கொண்டுபோக வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டும். சின்ன நாடு வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னபிறகும் நுழைந்தால், நுழைகிறவனுக்குப் பாதிப் படை போகும்.

முதலிரண்டுக்கும் தலையாட்டினார்கள். மூன்றாவதைப் பாதிப் படையிலிருந்து ஒற்றைப் படைக்குக் குறைத்தார்கள். அப்புறம் லோகேஸ் தன் பங்குக்கு நான்காவது ஒன்று போட்டார். "கேட்டதுக்குப் பதில் வரலன்னா? அத சரின்னுதான் எடுத்துக்கணும். இல்லன்னா ஆட்டம் நகராது."

"பதில் வரலன்னா பதில் வரலன்னுதான் அர்த்தம்," என்றேன்.

"ஓட்டுக்கு விடுவோம்," என்றான் மார்கஸ்.

விட்டார்கள். நாலு பெரிய நாட்டுக்கு நாலு ஓட்டு. சின்ன நாடுகளை வைத்திருக்கிற எனக்கு? கிடையாதாம். பெரிய நாடு வைத்திருப்பவர்தான் ஓட்டுப் போடலாமாம். அதையும் அந்த நிமிஷத்தில்தான் கண்டுபிடித்தார்கள். கிளாரிஸ்ஸாவாவது எனக்காகக் கை தூக்குவாள் என்று பார்த்தேன். "எது சீக்கிரம் முடியுதோ அதுக்கு என் ஓட்டு," என்று சொல்லிவிட்டுக் கெட்டிலை வைக்கப் போய்விட்டாள். கருமம், நான்காவது விதியும் நிறைவேறிவிட்டது.

அந்த வாரமே லோகேஸ் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். "கல்யாணத்துக்கு அப்புறம் நீ வேலைக்குப் போக வேணாம்னு அம்மா ஆசைப்படுறாங்க. ஓகே தானே?" நான் ஒரு பெரியவர் கையில் ஊசி ஏற்றி முடித்த நேரம். படித்தேன். ரத்தம் கொதித்தது. இந்த வேலைக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஷிப்ட் பொறுப்பு எனக்கு வரப்போகிற சமயம் வேறு. இதையெல்லாம் போனில் தட்டிக்கொண்டிருக்கக்கூடாது, முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். நேரில் பார்த்தபோதெல்லாம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை!

போன ஞாயிறு ஜப்பான் சயாமின் வாசலில் வந்து நின்றது.

"சயாம், வழி விடு. மலாயாவுக்குப் போகணும்," என்றார் லோகேஸ்.

எங்கள் தோட்டப்புறத்தில் சயாம் என்ற பேரை யாரும் இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்வதில்லை. அந்தப் போரில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போட இழுத்துக்கொண்டு போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ குடும்பத்தில் உண்டு. விடக்கூடாது, அந்த ஒற்றைப் படையையாவது உடைத்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் கிளாரிஸ்ஸா தேத்தண்ணீரோடு வந்தாள். அவளும் எங்கள் சென்டரில்தான், முன்கவுண்டரில் வேலை. "ஏன்டீ புஷ்பா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா? நம்ம ஹெட் சிஸ்டர் உன் இடத்துக்கு ஆள் பாக்குறாங்க. லோகேஸ் அண்ணன் போன் பண்ணாராமே, நீ தையோட நின்னுடுவேன்னு."

லோகேஸ் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மனிதர் கெரோப்போக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா போன் பண்ணீங்க?"

"அத அப்புறம் பேசலாம் லா. ஆட்டம் நடக்குது."

"என் வேலைக்கு நீங்க எப்படிப் போன் பண்ணலாம்?"

"நான் உன்னக் கேட்டேன்ல புஷ்பா? மெசேஜ் போட்டேன். நீ பாத்த. புளூ டிக் விழுந்துச்சு. ஒண்ணும் சொல்லல. அப்ப சரின்னுதானே அர்த்தம்?"

சொல்லிக்கொண்டே கையை நீட்டி மூன்று படைகளைச் சயாமுக்குள் தள்ளினார். "இதுக்கும் பதில் வரல. ஜப்பான் உள்ள வந்தாச்சு."

மார்கஸ் சிரித்தான். அண்ணன் ஜூலியஸ் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

தூ என்று துப்பலாம் போல வந்தது. அடுத்தவர் வீடாகப் போயிற்று. இந்த ஆளுடைய அம்மாவுக்காகப் போகட்டும், நேரில் பேசிச் சமாளிக்கலாம் என்றெல்லாம் நான் மனசுக்குள் வைத்திருந்த சமாதானம் அத்தனையும் வழிந்து போய்விட்டது. சரி, ஆசைப்பட்டவரிடமே பேசிவிடுவோம் என்று போனை எடுத்து அவர் அம்மா நாகமணி அத்தையைக் கூப்பிட்டேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா, சாப்டியா?" என்றார் அத்தை.

"சாப்டேன் அத்தை. ஒண்ணு கேக்கணும். நான் வேலைய விடணும்னு நீங்க ஆசைப்பட்டீங்களா?"

"நானா? ஐயோ, நான் எதுக்கும்மா சொல்றேன்?" அத்தை குரலில் நிஜமான பதற்றம். "உனக்குத்தான் அந்த வேல புடிக்கல, ரத்தத்தப் பாத்துப் பாத்து அழுறேன்னு தம்பி சொன்னான். எவ்வளவு படிச்ச புள்ள, அவசரப்படாதேன்னு நான்தான் சொல்லச் சொன்னேன். சொல்லலியா?"

லோகேஸ் எழுந்து போனைப் பிடுங்க வந்தார். ஜூலியஸ் அவர் தோளைப் பிடித்து, "உக்காரு மச்சான்," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் லோகேஸ் உட்கார்ந்தார்.

என்னிடம் அம்மா பேரைச் சொல்லி, அம்மாவிடம் என் பேரைச் சொல்லி, நடுவில் நல்லபிள்ளையாக நின்றிருக்கிறது இது. நான் ரத்தத்தைப் பார்த்து அழுகிறேனாம்! அந்த நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவர் ரத்தமும் என் கண் முன்னால்தான் சுற்றி வருகிறது. நான் எதற்கு அழ வேண்டும்? ஒரே மேசையில் இதோடு உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்திருக்கிறேனே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அத்தை, நான் வேலைய விடல," என்றேன். "இந்தக் கல்யாணத்தத்தான் விடுறேன். உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. வீட்டுப் பெரியவங்கள வச்சு முறையா வந்து சொல்றோம். ஆனா என் வாயால நானே முதல்ல உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

அத்தை அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டீவியை அணைத்தார். "அவன் பக்கத்துலதான் இருக்கானா?"

"இருக்காரு அத்தை."

"சரிம்மா. நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு," என்று வைத்துவிட்டார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து காரில் ஏறினேன். லோகேஸ் பின்னாலேயே ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு நிமிஷம், சத்தியமாக ஒரே ஒரு நிமிஷம், நினைத்தேன்.

"இது கோவத்துல சொல்றது புஷ்பா," என்றார் நிதானமாக. "இத நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன். ஒரு வாரம் போகட்டும், திரும்பக் கேக்குறேன்."

பேசாமல் இருந்தால் அதற்குச் சரி என்று அர்த்தமாம். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாதாம்.

"நீங்க எடுத்துக்க வேணாம் லோகேஸ்," என்றேன். "உங்கம்மா எடுத்துக்கிட்டாங்க. கைய எடுங்க, கதவ சாத்தணும்."